கேட்டுக்கு அந்தப் பக்கம்

நீடாமங்கலத்தில் எதையும்
ரயில்வே கேட் திறந்த பிறகுதான் முடிவு செய்ய முடியும்.
முகூர்த்தத்துக்குக் கிளம்பியவர்கள் பந்திக்குப் போய்ச் சேர்வார்கள்.
ஆம்புலன்சும் வைக்கோல் டிராக்டரும்
ஒரே வெயிலில் நிற்கும்.

எங்கள் வீடு கேட்டுக்கு வடக்கே.
கும்பகோணத்துக் கல்லூரியின் பஸ்
தெருமுனைக்கே வந்துவிடும்,
மஞ்சள் நிறம், ஜன்னலுக்கெல்லாம் திரை.
பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வருஷம் நாற்பத்தெட்டாயிரம்,
பஸ்ஸுக்குத் தனி.
கையேட்டின் அட்டையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தி
காலிக் குடுவையைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

மன்னார்குடி அரசுக் கல்லூரி கேட்டுக்குத் தெற்கே.
இயற்பியல், தமிழ்வழி.
வருஷத்துக்கு இரண்டாயிரத்துச் சில்லறை,
டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது.
ஆனால் கேட்.

"எதுல சேந்தாலும் அதே ரெக்கார்டு நோட்டுதான்டி" என்கிறாள் சஃப்ரின்,
கூத்தாநல்லூரிலிருந்து போனில்.
அவள் விலங்கியல் கேட்கப் போகிறாள்,
தவளையை இப்போது வெட்டச் சொல்வதில்லை என்று
விசாரித்துவிட்டு.

அப்பா எப்போதும் கேட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்.
யார்டில் லோடுமேன்.
கேட் மூடிக் கிடப்பதில்
அவருக்கும் கொஞ்சம் பங்குண்டு.

நேற்று ராத்திரி
சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
வேகன் நாற்பத்திரண்டு. நெல் இரண்டாயிரம் டன்.
சிப்பம் நாற்பது கிலோ, ஆள் நூறு பேர்.
அப்பாவின் பங்குக்கு ஐந்நூறு மூட்டை.
உயரம் ஒன்றரை மீட்டர், புவியீர்ப்பு ஒன்பது புள்ளி எட்டு.
இரண்டு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம் ஜூல்.
கலோரியாக மாற்றினால் எழுபது.

ஒரு இட்லி.
கொஞ்சம் பெரிய இட்லி.

மூன்று தடவை போட்டேன்.
பூஜ்யம் எங்கோ விட்டுப்போயிருக்கும் என்று தேடினேன்.
லாரியிலிருந்து வேகன் வரை தோளில் வைத்து நடக்கிறாரே, அது?
கிடைமட்டமாக நடந்தால் வேலை சுழி,
பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது.
நானே அதை எழுதி
ஒரு மார்க் வாங்கியிருக்கிறேன்.

அப்படியென்றால்
பாயில் குப்புறப் படுத்துத் தைலம் தேய்க்கச் சொல்கிற முதுகு
எந்தக் கணக்கில் வருகிறது?

கலந்தாய்வு அறையில் மின்விசிறி
எல்லோருடைய மதிப்பெண்களையும் பறக்கடித்துக்கொண்டிருந்தது.
"கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிஞ்சிடுச்சு, பி.காம். முடிஞ்சிடுச்சு,
பிசிக்ஸ்ல பதினேழு கெடக்கு" என்றார் மேடம்,
சந்தை கலையும் நேரத்துக் கத்தரிக்காயைச் சொல்வதுபோல.
"பிசிக்ஸ்" என்றேன்.
"யோசிச்சுத்தான சொல்ற?"
காலையில் கேட்டில் நாற்பது நிமிஷம் யோசித்ததை
அவரிடம் சொல்லவில்லை.

கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை.
பின்னால் நின்ற பையன் தன்னுடையதை நீட்டினான்.
தாவரவியலாம், வலங்கைமானாம்.
திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்,
இதை எழுதுவதும் அதில்தான்.

திரும்பும்போது கேட் மூடியிருந்தது.
டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கடலை வாங்க இறங்கினார்.
நானும் இறங்கி வேலியோரமாக யார்டுக்கு நடந்தேன்.

அப்பா சாக்குக் குவியலில் உட்கார்ந்து
பாட்டிலை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்.
"என்ன கெடச்சுது?"
"இயற்பியல்."
"அப்டின்னா?"
"நீ நாள் முழுக்கத் தூக்குறது ஒரு இட்லிதான்னு சொல்ற பாடம்."

துண்டை உதறினார். நெல் தூசி என் மூக்கில் ஏறியது.
"சாம்பாரோடயா?" என்றார்.

பிறகு கைமேல் கைவைத்து,
எங்கள் இருவருக்கும் நடுவே போய்க்கொண்டிருந்த எறும்பு வரிசையைப் பார்த்தபடி,
"தப்பாப் போட்டிருப்ப. மறுபடி போடு."

மூணு வருஷம் ஆகும் என்றேன்.